அத்தான் சொன்ன பங்கு

நடுத்தரக் குடும்பத்து ஆண்பிள்ளைக்கு ஐம்பது வயது தாண்டினால் அவனுடைய இலாகாக்கள் ஒவ்வொன்றாகப் பறிபோகும். முதலில் என்ன சமையல் என்று தீர்மானிக்கும் உரிமை போகும். அது என்றைக்குமே அவனிடம் இருந்ததில்லை என்பது வேறு விஷயம். அடுத்தது டிவி ரிமோட். அப்புறம் பிள்ளைகளின் படிப்பு, திரைச்சீலையின் நிறம், கல்யாணத்துக்கு எந்த ரயிலில் போவது, எவ்வளவு மொய் எழுதுவது. கடைசியில் தண்ணீர் கேனுக்குப் போன் பண்ணும் அதிகாரம் ஒன்றுதான் மிஞ்சும். குரோம்பேட்டையில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் நான் அந்த ஒற்றை அதிகாரத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான், அபிப்பிராயம் சொல்ல யாருடைய அனுமதியும் தேவைப்படாத துறை ஒன்று உலகத்தில் இருப்பது தெரியவந்தது. பங்குச் சந்தை.

2020 மார்ச்சில் நாடு முழுவதும் சுமார் 4 கோடி டீமேட் கணக்குகள்தான் இருந்தன. 2022 ஆகஸ்டில் அது 10 கோடியைத் தாண்டியது. ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்து, கைபேசியில் ஆதார் எண்ணைத் தட்டி, கேமராவைப் பார்த்து முழித்து, முதலீட்டாளராக மாறிய அந்தப் பெருங்கூட்டத்தில் அடியேனும் ஒருவன். என் முதலீட்டின் மொத்த மதிப்பு எங்கள் அடுக்ககத்தின் லிஃப்ட் பராமரிப்புக்கு நான் கட்டும் பங்கைவிடச் சற்று அதிகம். என் அபிப்பிராயத்தின் அளவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

அபிப்பிராயத்தை வெளியிட வாட்ஸ்அப்பில் குடும்பக் குழு இருந்தது. தென்காசியிலிருந்து தோஹா வரை பரவிக் கிடக்கும் எங்கள் உறவினர்கள் அதில் காலையில் தாமரைப்பூ படமும், மதியம் மூட்டுவலிக்கு முடக்கத்தான் கீரையும், இரவில் யாரோ காணாமல்போன பழைய செய்தியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவே நான் புகுந்தேன். வங்கிப் பங்குகள் திரும்பப் போகின்றன, மருந்துப் பங்குகளுக்கு இது பொற்காலம் என்றெல்லாம் எழுதுவேன். யூடியூபில் பேசுகிறவர்கள் கடைசியில் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மந்திரத்தையும் தவறாமல் சேர்ப்பேன்: ‘இது முதலீட்டு ஆலோசனை அல்ல. சொந்தமாக ஆராய்ந்து முடிவெடுக்கவும்.’ அதன் பின்னால் ஒரு கும்பிடு.

அப்படித்தான் ஒரு நாள் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பம்பு கம்பெனி ஒன்றைப் பற்றி எழுதினேன். விலை 212. ‘டார்கெட் 300, ஸ்டாப் லாஸ் 190.’ ஸ்டாப் லாஸ் என்று எழுதும்போது ஓர் ஆண்மகனுக்கு ஏற்படும் கம்பீரத்தைச் சொன்னால் புரியாது, எழுதிப் பார்க்க வேண்டும். மந்திரமும் போட்டேன், கும்பிடும் போட்டேன். மச்சினன் உடனே கட்டைவிரல் காட்டினான்.

பங்கு 140க்கு வந்தபோது அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை. அக்காளிடம் கேட்டான்.

“நீங்க சொல்லித்தான் வாங்கினானாமே?”

“நான் ஆலோசனை சொல்லல. ஓர் அபிப்பிராயம் சொன்னேன். கீழே எழுதியே போட்டிருக்கேன், பாரு.”

“ஏறியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

இந்தக் கேள்வியின் கூர்மையை உத்தேசித்து நான் பேச்சை சாம்பார் பக்கம் திருப்பினேன். ஆனால் சி.ஏ. இன்டர் படிக்கும் மகள் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். “அப்பா, இதுக்குச் சட்டம் இருக்கு. பார்த்துடலாமா?” என்றாள். எந்தக் குற்றவாளிக்கும் சட்டப் புத்தகம் என்றால் முதலில் ஆசைதான். தப்பிக்கும் சந்து அதில்தானே இருக்கும்?

செபி எனப்படும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம் 1988ல் பிறந்து, 1992ல் சட்ட அதிகாரம் பெற்றது. அது 2013ல் முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று தனி விதிகள் போட்டிருக்கிறது. பங்கு வாங்குவது, விற்பது பற்றி வாடிக்கையாளரின் நன்மைக்காகச் சொல்வது முதலீட்டு ஆலோசனை. வாயால் சொன்னாலும் சரி, எழுத்தில் சொன்னாலும் சரி. அதைப் பிரதிபலனுக்காகத் தொழிலாகச் செய்கிறவர் ஆலோசகர். அவர் பதிவு செய்துகொண்டு, ஐ.என்.ஏ. என்று தொடங்கும் எண் வாங்க வேண்டும்.

“தொழிலாக! பிரதிபலனுக்காக!” என்று நான் துள்ளினேன். “யாரிடமாவது பத்துப் பைசா வாங்கியிருப்பேனா?”

மகள் அடுத்த வரியைப் படித்தாள். பிரதிபலன் என்றால் பணம் மட்டுமில்லையாம். பணமாக இல்லாத பொருளாதாரப் பலன் எதுவானாலும் சேர்த்தியாம்.

சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது: “போன மாசம் அவன் வந்தப்ப அல்வா கொண்டுவந்தான். ஒரு கிலோ. இருட்டுக்கடை.”

நான் சட்டத்தின் முன் நிராயுதபாணியாக நின்றேன். அந்த அல்வா பாசத்தில் வந்ததா, பம்பு கம்பெனி 225ஐத் தொட்ட சந்தோஷத்தில் வந்ததா என்று யார் நிரூபிப்பது? அரைக் கிலோவுக்கு மேல் தனியாகச் சாப்பிட்டவன் என்ற முறையில் என் சாட்சியத்துக்கும் மதிப்பில்லை. நல்லவேளையாக, அல்வா ஒரு தடவை வந்ததால் அது தொழிலாகிவிடாது என்று மகளே தீர்ப்புச் சொன்னாள். தொழில் என்றால் தொடர்ச்சி வேண்டும். தீபாவளிக்கு அல்வா வந்தால் வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்பது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இன்னொரு சந்தும் கிடைத்தது. செய்தித்தாள், பத்திரிகை, மின்னணு ஊடகம் வழியாகப் பொதுமக்களுக்குப் பரவலாகக் கிடைக்கும்படி சொல்வதை 2013 விதிகள் முதலீட்டு ஆலோசனையாகக் கணக்கில் எடுப்பதில்லை. அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒரு வழக்கு நடந்திருக்கிறது. லோ என்பவர் பங்குச் சந்தை மடல் நடத்தினார். முன்பே தண்டனை பெற்றவர், ஆலோசகர் பதிவை இழந்தவர். ஆனாலும் மடலைத் தொடர்ந்து வெளியிட்டார். 1985ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எல்லோருக்கும் ஒரே மாதிரி அச்சடித்துப் போடுவது வேறு, ஒரு மனிதரின் பணத்தையும் நிலைமையையும் பார்த்து அவருக்கென்று சொல்வது வேறு என்பது அதன் சாரம்.

“நானும் குழுவில் எல்லோருக்கும் ஒரே மாதிரிதானே போட்டேன்?” என்றேன்.

“குழுவில் போட்டீங்க. அப்புறம் மாமாவுக்குத் தனியா ‘உனக்கு மட்டும் சொல்றேன், சீக்கிரம் வாங்கிடு’ன்னும் போட்டிருக்கீங்க.”

‘உனக்கு மட்டும்’ என்று பலருக்கு அனுப்பியிருந்தேன் என்பதை இந்த இடத்தில் சொல்லியிருந்தால் என் வழக்கு பலப்பட்டிருக்கும். மானம் போய்விடும் என்று சொல்லவில்லை.

மேலும் குடும்பக் குழுவைப் பொதுமக்கள் என்று சொல்ல முடியுமா என்பதே சந்தேகம். பாதிப் பேர் அதை மியூட்டில் போட்டிருக்கிறார்கள். மீதிப் பேர் படிக்காமலே கும்பிடு போடுகிறவர்கள்.

மூன்றாவது சந்துதான் எனக்கு மிகவும் பிடித்தது. எந்தப் பங்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல், சந்தையின் போக்கைப் பற்றியும் பொருளாதாரத்தைப் பற்றியும் நல்லெண்ணத்தோடு பொதுவாகப் பேசுகிறவர்களுக்குப் பதிவு வேண்டாம். இது நம் பஞ்சாங்கக்காரர்கள் பல தலைமுறையாகக் கடைப்பிடிக்கும் முறை. ‘கிழக்கே மழை உண்டு, மேற்கே காற்று உண்டு, சில இடங்களில் சேதம்’ என்று இருக்குமே தவிர, குரோம்பேட்டை இரண்டாவது மாடி பால்கனியில் வடகம் நனையும் என்று எந்தப் பஞ்சாங்கத்திலாவது போட்டிருக்கிறதா? அவர்கள் பிழைத்தார்கள். நான் கம்பெனி பெயர், விலை, டார்கெட், ஸ்டாப் லாஸ் எல்லாவற்றையும் போட்டு மாட்டிக்கொண்டேன்.

“டார்கெட்டும் ஸ்டாப் லாஸும் போட்டா அது ஆலோசகர் வேலைகூட இல்லப்பா. ஆய்வாளர் வேலை” என்றாள் மகள். வாங்கு, விற்றுவிடு, வைத்துக்கொள் என்று பரிந்துரைப்பதும், விலை இலக்குச் சொல்வதும் ஆய்வாளர் கணக்கில் வரும். 2014ல் அதற்குத் தனி விதிகள்; எண் ஐ.என்.எச். என்று தொடங்கும். அதற்கு என்.ஐ.எஸ்.எம். தேர்வு எழுதித் தேற வேண்டும். வாடிக்கையாளர் 150 பேருக்குள் இருந்தாலும் 1 லட்ச ரூபாய் வைப்புத் தொகை காட்ட வேண்டும். கேட்கும்போது ஒரு கணம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில் தண்ணீர் கேன் இலாகாவிலிருந்து நேராக ஆய்வாளர் பதவிக்கு உயர்வு! ஆனால் அந்த வைப்புத் தொகைக்கு என் மொத்தப் பங்குகளையும் விற்றாலும் பற்றாது. தேர்வு எழுதலாமா என்று யோசித்தேன். வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி பரீட்சைக்குப் படிப்பதால் மேஜை காலியில்லை.

“அவங்க எல்லாம் சொன்னதை எழுதி வைக்கணுமா?” என்று மனைவி கேட்டாள். வைக்க வேண்டும், பதிவு பெற்றவர்கள் தங்கள் பரிந்துரைகளின் ஆவணங்களை ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

“ஐந்து வருஷம்தானா?” என்று சொல்லிவிட்டு அவள் மாதக் காலண்டரை எடுத்துவந்தாள். பால் கணக்கு எழுதும் கட்டங்களின் ஓரத்தில் என்னுடைய சந்தைக் கணிப்புகள் தேதியோடு பொடி எழுத்தில் இருந்தன. பழைய ஆண்டுகளின் காலண்டர்களும் அலமாரியில் இருக்கின்றனவாம். செபியின் எல்லைக்கு வெளியே இப்படி ஓர் ஆவணக் காப்பகம் இயங்குவதை நான் அதுவரை அறியேன்.

என் தரப்பில் ஒரே ஒரு தூய்மை மட்டும் எஞ்சியிருந்தது: எனக்கு இதில் லாபம் இல்லை. அதே பங்கை நானும் வாங்கி, நானும் 140ல் உட்கார்ந்திருந்தேன். இது எவ்வளவு பெரிய தூய்மை என்பது மற்றவர்கள் கதையைப் பார்த்தால்தான் தெரியும்.

அமெரிக்காவில் நியூஜெர்சியில் ஜோனதன் லெபெட் என்று ஒரு பள்ளிக்கூடப் பையன் இருந்தான். அதிகம் கைமாறாத சின்னக் கம்பெனிப் பங்கை வாங்குவான். பல பொய்ப் பெயர்களில் இணையத்தில் நூற்றுக்கணக்கான செய்திகள் போடுவான்: பறக்கப் போகிறது, விடாதே. விலை ஏறும். மறுநாளைக்குள் விற்றுவிடுவான். 1999ல் தொடங்கி 2000 தொடக்கம் வரை இப்படி நடந்தது. 2000 செப்டம்பரில் அந்த நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் அவனைப் பிடித்தபோது வயது 15. குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வட்டியோடு சேர்த்து 2,85,000 டாலரைத் திருப்பிக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டான். அந்தப் பையன் யாரிடமும் ஒரு டாலர் கட்டணம் வாங்கவில்லை. பிரதிபலன், தொழில், பதிவு என்று நான் ஒளிந்துகொண்ட சந்துகள் எல்லாம் அவனுக்கும் திறந்துதான் கிடந்தன. அவன் அகப்பட்டது ஆலோசகன் என்று அல்ல, மோசடி என்று.

நம் ஊரிலும் 2003லேயே மோசடி வணிகத்துக்கு எதிரான விதிகள் வந்துவிட்டன. அதில் பதிவு உண்டா, கட்டணம் உண்டா என்ற பேச்சே இல்லை. யார் செய்தாலும் மோசடி மோசடிதான். 2023 மார்ச்சில் சாதனா பிராட்காஸ்ட் என்ற தொலைக்காட்சிக் கம்பெனி விவகாரத்தில், ஓர் இந்தி நடிகரும் அவர் மனைவியும் உட்பட முப்பது பேருக்கு மேல் சந்தைப் பக்கம் வரக்கூடாது என்று செபி இடைக்கால உத்தரவு போட்டது. யூடியூப் காணொளிகளில் பெரிய கம்பெனி ஒன்று அதை வாங்கப்போகிறது என்று கதை கட்டி, ஏறிய விலையில் விற்றார்கள் என்பது புகார். அதே ஆண்டு அக்டோபரில் ‘பாப் ஆஃப் சார்ட்’ என்று, அதாவது வரைபடங்களுக்கே அப்பன் என்று, தன்னை அழைத்துக்கொண்டவரின் முறை வந்தது. பாடம் நடத்துகிறேன் என்ற பெயரில் பங்கு சிபாரிசு விற்றதாகச் சொல்லி 17.2 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் போடச் சொன்னார்கள். என்னை அப்பா என்று கூப்பிட ஒருத்திதான் இருக்கிறாள். அவளும் எதிர்த்தரப்பு வக்கீல்.

பாடம் என்று சொல்லித் தப்பிக்கிறவர்களுக்காகவே 2025 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பங்குச் சந்தைக் கல்வி மட்டும் தருகிறேன் என்கிறவர், கடந்த மூன்று மாத விலைகளை வைத்து எந்தப் பங்கைப் பற்றியும் பேசக் கூடாது. மகள் இதைப் படித்துவிட்டு, “இதுல மட்டும் நீங்க சுத்தம்பா. நீங்க எப்பவுமே எல்லாரும் வாங்கி முடிச்ச பழைய செய்தியைத்தானே சொல்றீங்க?” என்றாள். பிள்ளைகளைப் படிக்க வைப்பதன் பலன் இப்படியெல்லாம் வந்து சேரும்.

இந்த நேரத்தில் தோஹா சித்தப்பா குழுவில் ஒரு செய்தி போட்டார். ஒரு கம்பெனியின் காலாண்டு லாபம் இரட்டிப்பாம். இன்னும் வெளியே வரவில்லையாம். அந்தக் கம்பெனி அக்கவுண்ட்ஸில் இருப்பவருடைய மச்சான் சொன்னாராம். யோசித்துப் பார்த்தால் இந்தச் செய்திக்கு நல்ல கதியே கிடையாது. உண்மையாக இருந்தால், வெளிவராத ரகசியத்தைக் கடத்தியதற்கு 2015ஆம் ஆண்டின் உள்வணிகத் தடை விதிகள் காத்திருக்கின்றன. தெரிந்தே கட்டிய பொய்யென்றால் 2003. இரண்டும் இல்லையென்றால் வெறும் வதந்தி. மும்பைத் தரகர்கள் நடுவே இப்படி உலவும் வாட்ஸ்அப் செய்திகளுக்கு ‘ஹெர்ட் ஆன் ஸ்ட்ரீட்’ என்று கௌரவமான பெயரே உண்டு. பெரிய கம்பெனிகளின் கணக்கு முன்கூட்டியே அதில் வந்ததென்று செபி சிலருக்கு அபராதம் போட்டது. 2021ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது: வந்த எண் ரகசியம்தான் என்று தெரிந்தே அனுப்பினார்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே? ஆக, சித்தப்பாவைக் காப்பாற்றப்போவது அவருடைய அறியாமை மட்டுமே. அது அவரிடம் போதிய அளவு கையிருப்பில் உண்டு.

இத்தனையும் படித்து முடித்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. சட்டம் சொல்கிறவன் பக்கம் நின்று பார்க்கிறது. என்ன வாங்கினாய், யாருக்குச் சொன்னாய், எதை ஒளித்தாய் என்று கேட்கிறது. அந்தக் கணக்கில் நான் ஆலோசகன் இல்லை; வெறும் வாய். வீடு கேட்கிறவன் பக்கம் நின்று பார்க்கிறது. மச்சினன் என் வாயை நம்பிப் பணத்தைப் போட்ட நிமிஷத்தில் அது ஆலோசனை ஆகிவிட்டது. கீழே நான் எழுதிய மந்திரம் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. மோசடி செய்தவனை அது சட்டத்திடமிருந்து காப்பாற்றாது. செய்யாதவனை மனைவியிடமிருந்து காப்பாற்றாது.

2021–22 முதல் மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வணிகம் ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று 2024 செப்டம்பரில் செபி சொன்னது. மகள் அதையும் படித்துக் காட்டிவிட்டுக் கேட்டாள்: “இவ்வளவு பேர் தோத்திருக்காங்களே, நம்ம குழுவில் ஒருத்தராவது ‘நான் தோத்தேன்’னு போட்டிருக்காங்களா?” இல்லை. வாங்கச் சொன்ன செய்திகளால் குழு நிரம்பி வழிகிறது. ‘விற்றுவிட்டேன்’ என்று ஒரே ஒரு வரிகூடக் கிடையாது. சத்தமாக வாங்கி, சத்தமில்லாமல் விற்பதுதான் எங்கள் பரம்பரைக்கே வழக்கம் போலிருக்கிறது. லெபெட்டுக்கும் எங்களுக்கும் இந்த ஓர் இடத்தில் சொந்தம் உண்டு. அவன் லாபத்தை மறைத்தான். நாங்கள் நஷ்டத்தை மறைத்தோம்.

எனவே மகள் குழுவுக்கு மூன்று விதிகள் எழுதினாள். பங்கின் பெயர் சொல்கிறவர் தன்னிடம் அது இருக்கிறதா, என்ன விலைக்கு வாங்கினார் என்று சொல்ல வேண்டும். சொல்வதற்காக யாரிடமாவது எதையாவது பெற்றாரா என்று சொல்ல வேண்டும்; அல்வா உட்பட. விற்கும் நாளில், விற்ற விலையோடு, அதே குழுவில் அதே சத்தத்தில் அறிவிக்க வேண்டும். எல்லோரும் கும்பிடு போட்டு வரவேற்றார்கள். அன்றோடு குழுவில் பங்குப் பேச்சு நின்றுபோய் முடக்கத்தான் கீரை மறுபடி ஆட்சிக்கு வந்தது.

நானும் மூன்றாவது சந்துக்குள் குடிபுகுந்தேன். பெயர் சொல்வதில்லை. ‘சந்தையில் ஏற்ற இறக்கம் இருக்கும், நீண்டகால நோக்கு நல்லது’ என்கிற மாதிரிப் பொதுவான கருத்துகள் மட்டுமே. மச்சினன் மட்டும் விடவில்லை. “அத்தான், அந்தப் பம்பை என்ன பண்ணட்டும்? வச்சுக்கவா, வித்துடவா?” என்று தனியாகக் கேட்டான். சட்டம் தெரிந்தவனாகிவிட்ட நான் நிதானமாகப் பதில் போட்டேன்: ‘குறிப்பிட்ட பங்கு பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. பொதுவாகச் சொன்னால், பம்பு என்பது கீழே இருப்பதை மேலே கொண்டுபோவதற்காகவே செய்யப்பட்ட சாதனம்.’

இதைவிடப் பொதுவாக ஒருவன் பேச முடியாது என்று எந்தத் தீர்ப்பாயத்திலும் வாதாடுவேன்.

சாயங்காலம் அவனிடமிருந்து கட்டைவிரல் வந்தது. “புரிஞ்சுது அத்தான். இன்னும் 50 வாங்கிட்டேன்.”

மனைவி பேனாவையும் காலண்டரையும் எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். “இதை எதுல எழுதட்டும்? ஆலோசனையா, அபிப்பிராயமா?”